ஒன்பது புள்ளி ஆறு இரண்டு

எங்கள் ஆய்வகத்தில் பிள்ளைகள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: "வேல்யூ வந்துச்சா?"

வந்துவிட்டது என்றால் நோட்டை மூடிவிட்டு டீ குடிக்கப் போகலாம். வரவில்லை என்றால் அடுத்த மேஜைக்காரன் தன் நோட்டைச் சத்தமில்லாமல் இந்தப் பக்கம் தள்ளுவான். வேல்யூ என்பது எங்களுக்கு ஊரிலிருந்து வரும் விருந்தாளி மாதிரி. பெயர் தெரியும், முகம் தெரியும், எத்தனை மணி பஸ் என்றும் தெரியும். போய் அழைத்து வர வேண்டியதுதான் பாக்கி. சோடியம் ஒளியின் அலைநீளம் 5893 ஆங்ஸ்ட்ராம். கண்ணாடி முப்பட்டகத்தின் ஒளிவிலகல் எண் ஒன்றரைக்குப் பக்கத்தில். புவியீர்ப்பு முடுக்கம் 9.8.

அந்தக் கேள்வியை அவர்கள் வாயில் போட்டவன் நான். 1981-இல் தென்மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் துறையில் சேர்ந்து, 2012 மே மாதம் ஓய்வு பெற்றேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். செய்தது நான்.

நானே அப்படித்தான் படித்து வந்தவன். பி.எஸ்ஸி. செய்முறைத் தேர்வில் எனக்குக் கேரி ஃபாஸ்டர் பிரிட்ஜ் வந்தது. கால்வனாமீட்டர் முள் நின்ற இடத்தில் நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. வியர்த்துப்போய் நின்றேன். பிறகு, சீனியர்கள் சொல்லித் தந்தபடி வர வேண்டிய விடையை ரஃப் பேப்பரில் மேலே எழுதி, அதிலிருந்து பின்பக்கமாகக் கணக்குப் போட்டு, 'எடுத்த' ரீடிங்குகளை அட்டவணையில் நிரப்பினேன். இயற்கையாகத் தெரிய வேண்டும் என்பதற்காக ஒன்றிரண்டு ரீடிங்கைக் கொஞ்சம் பிசகவும் விட்டேன். எக்ஸ்டர்னலாக வந்தவர் அட்டவணையைப் பார்த்து, "நீட்டா செஞ்சிருக்கியே" என்றார். கிடைத்த மதிப்பெண்ணை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். இதற்கு எங்கள் பக்கத்தில் 'குக் பண்றது' என்று பெயர். தமிழில் 'ஒப்பேற்றுவது' என்ற அருமையான சொல் இருக்கிறது. அதையே வைத்துக்கொள்ளலாம்.

அந்தச் சமையல் வார்த்தை எங்கள் ஊர் ஹாஸ்டல் பையன்களின் கண்டுபிடிப்பு என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது. கணக்கிடும் இயந்திரத்துக்கு வரைபடம் போட்ட சார்லஸ் பாபேஜ், 1830-இல் இங்கிலாந்தின் அறிவியல் சீரழிவைப் பற்றி எழுதிய புத்தகத்தில் அளவீட்டு மோசடிகளை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறார். வேடிக்கைக்காக ஏமாற்றுவது, எடுக்காத அளவை எடுத்ததாக எழுதுவது, ஓரத்தை வெட்டிச் சீராக்குவது, நிறைய அளந்து ஒத்துவருவதை மட்டும் பரிமாறுவது. இந்தக் கடைசி வகைக்கு அவர் வைத்த பெயர்தான் சமையல். கறாராகப் பார்த்தால் எங்கள் பிள்ளைகள் செய்தது சமையல்கூட இல்லை. அடுப்பே பற்றவைக்காமல் பந்தி போட்டது.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஒளியியல் இருட்டறைக்கும் தத்துவத் துறை வகுப்பறைக்கும் நடுவில் ஒரே சுவர். மேலே காற்றுக்காக விட்ட ஜன்னல் இரண்டுக்கும் பொது. சோடியம் விளக்கு சூடேறி மஞ்சளாக எரிய ஆரம்பிக்கும்வரை சில நிமிடம் சும்மா நிற்க வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் பக்கத்து அறைப் பாடம் தலைக்கு மேலே மிதந்து வரும். ஹ்யூம் 1739-இல் கேட்ட கேள்வியை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்த ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. இதுவரை நடந்தது இனியும் அப்படியே நடக்கும் என்பதற்கு என்ன ஆதாரம்? இதுவரை அப்படித்தான் நடந்தது என்பதைத் தவிர வேறு ஏதாவது இருக்கிறதா? என் பிள்ளைகள் இருட்டில் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். "இவங்களுக்கு நாளைக்குச் சூரியன் உதிக்குமான்னே சந்தேகம்டா" என்பது ஆண்டுதோறும் நான் சொல்லும் ஜோக். ஆண்டுதோறும் எடுபட்டது.

பக்கத்து அறையில் பாடம் எடுத்தவரை எல்லோரும் 'பிலாசபி சார்' என்றுதான் சொல்வோம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பி.ஏ. தத்துவத்துக்கு ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். பாதிப்பேர் வேறு எந்தப் பிரிவிலும் இடம் கிடைக்காமல் வந்தவர்கள். அவர்களை வைத்துக்கொண்டு இந்தியத் தத்துவம், மேலைத் தத்துவம், அறவியல், அளவையியல் என்று வஞ்சகமில்லாமல் நடத்துவார். என் பெயருக்குப் பின்னால் இருந்த பிஎச்.டி.யைக் காட்டி ஒருமுறை சொன்னார்: "மெல்லிய படலத்துல ஆராய்ச்சி பண்ணி டாக்டர் ஆஃப் பிலாசபி வாங்கியிருக்கீங்க. இத்தனை வருசமா பிலாசபி படிச்ச எனக்கு வெறும் எம்.ஏ." அவர் சிரித்ததும் நானும் சேர்ந்து சிரித்தேன். அதில் இருந்த கேள்வி எனக்குக் கேட்கவில்லை.

1993 ஆகஸ்ட். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குக் காம்பவுண்ட் பெண்டுலம். ஒரு மீட்டர் நீளப் பட்டை, வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் கத்திமுனையில் தொங்கவிட்டு ஆட்ட வேண்டும். அலைவு நேரத்தை ஸ்டாப் வாட்சில் குறித்துக்கொண்டு வரைபடம் போட்டால் இரண்டு வளைகோடுகள் வரும். குறுக்கே ஒரு கோடு கிழித்துச் சமான ஊசலின் நீளத்தை எடுத்து, காலத்தின் வர்க்கத்தால் வகுத்து, நான்கு பை வர்க்கத்தால் பெருக்கினால் புவியீர்ப்பு முடுக்கம். கருவி எளிது, கணக்கும் எளிது. எண்ணுவதில் பொறுமை இருந்தால் போதும்.

அந்தப் பெண்ணுக்குப் பொறுமை இருந்தது. வீட்டில் அம்மா பீடி சுற்றுபவர். சின்ன வயதிலிருந்தே இருபத்தைந்து இருபத்தைந்தாக எண்ணிக் கட்டுப் போட்டுப் பழகிய கை. கையேட்டில் இருபது அலைவு என்றிருக்க, அவள் ஐம்பது எண்ணியிருந்தாள்.

"என்னம்மா, வேல்யூ வந்துச்சா?"

"வந்துச்சு சார். 9.62."

"அது வேல்யூ இல்லம்மா. இன்னொருதரம் எடு."

மறுவாரம் 9.63. அதற்கு அடுத்த வாரம் மறுபடி 9.62. மற்றவர்கள் எல்லோரும் அடுத்த எக்ஸ்பெரிமென்டுக்குப் போயிருந்தார்கள். அவள் மட்டும் ஏழாம் மேஜையில் அதே பட்டையை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்துப் போடாமல் திருப்பித் தள்ளினேன். அவள் நோட்டை எடுக்கவில்லை.

"சார், 9.8தான்னு முன்னாடியே தெரியும்னா, நாம எதுக்கு சார் அளக்கோம்?"

எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை அது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டாள். சுற்றி முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன்: "இங்க பிலாசபி பேசாத. அதுக்குப் பக்கத்து ரூம் இருக்கு."

நல்ல சிரிப்பு எழுந்தது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அதே பருவத்தில், அதே வகுப்புக்குத் தியரியில் புவியீர்ப்பை நடத்தியவனும் நான்தான். பூமி சுழல்வதாலும் நடுவில் புடைத்திருப்பதாலும் புவியீர்ப்பு முடுக்கம் இடத்துக்கு இடம் மாறும், நிலநடுக்கோட்டில் 9.78, துருவத்தில் 9.83 என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன். நாங்கள் இருந்த அட்சக்கோட்டில் 9.78தான் சரி. 9.8 என்பதே எங்கள் ஊர் எண் இல்லை. 1901-இல் உலகத்துக்குப் பொதுவாக வைத்துக்கொண்ட 9.80665-ஐச் சுருக்கியது அது. அதற்குக் கதையும் சொல்வேன். 1672-இல் பிரெஞ்சு வானியலாளர் ரிஷே தென் அமெரிக்காவின் கயேன் தீவுக்குப் போனார். பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. சரியாக ஓட வைக்க ஊசலை மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சுருக்க வேண்டியிருந்தது. வெப்பத்தால் ஊசல் நீண்டிருக்கும், ஆள் சரியாக அளந்திருக்க மாட்டார் என்றெல்லாம் சந்தேகம் கிளம்பியது. ரிஷே எண்ணை மாற்றவில்லை. 1687-இல் நியூட்டன் தம் பிரின்சிபியாவில் பூமி பூரண உருண்டை இல்லை என்று வாதிட்டபோது அந்த இரண்டரை நிமிடம் அவருக்குச் சாட்சியாக நின்றது. சென்னை வானாய்வகத்தில் கோல்டிங்ஹாம் 1821-இல் ஊசலை ஆட்டி அளந்ததையும், பிறகு பேஸெவி இந்தியா முழுக்க ஊசலைத் தூக்கிக்கொண்டு அலைந்து 1871-இல் லடாக்கின் உயரத்தில் செத்துப்போனதையும்கூட வகுப்பில் உருக்கமாகச் சொல்வேன்.

திங்கட்கிழமை காலை ரிஷேயைப் புகழ்ந்துவிட்டு, செவ்வாய் மதியம் ஏழாம் மேஜையில் அந்தப் பெண்ணின் நோட்டைத் திருப்பித் தள்ளியிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் எனக்கு ஒரு முரணும் தெரியவில்லை. தியரி தியரி, பிராக்டிகல் பிராக்டிகல்.

அவள் உண்மையிலேயே பக்கத்து ரூமுக்குப் போனாள்.

மறுநாள் கேன்டீனில் பிலாசபி சார் என் எதிரில் டம்ளரோடு வந்து உட்கார்ந்தார். "நீங்க அனுப்புன ஆளு வந்துச்சு சார்" என்றார். எனக்கு முகம் சுருங்கியது. அவர் குத்திக்காட்டுகிற ஆள் இல்லை, சந்தோஷமாகவே பேசினார். அவர்கள் அப்போது அளவையியல் தாளில் மில்லின் முறைகளை நடத்திக்கொண்டிருந்தார்களாம். ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் எழுதியது. ஒரு விளைவுக்குக் காரணம் எது என்று பிரித்தறிய ஐந்து வழிகள். "எங்க பிள்ளைங்க இதை மனப்பாடம் பண்ணுதுங்க, செஞ்சு பாக்க ஒரு கருவி கிடையாது. உங்ககிட்ட அறை நிறையக் கருவி இருக்கு, இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. ஆனா சுவரு ஒண்ணுதான்."

பிறகு தமிழுக்கு வந்தார். அளவை என்ற சொல்லைப் பாருங்கள் என்றார். நாழியும் மரக்காலும் அளவை. காட்சி, கருதல் என்று அறிவு வந்து சேரும் வழிகளும் அளவை. நம் ஆட்கள் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறார்கள். மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு நடத்துவது ஏறக்குறைய முழுசாக ஒரு தர்க்கப் பாடம். பக்கம், ஏது, திட்டாந்தம் என்று ஆரம்பித்து, அவை ஒவ்வொன்றுக்கும் போலி எப்படி இருக்கும் என்றுதான் நிறைய நேரம் சொல்கிறார். பக்கப் போலி, ஏதுப் போலி, திட்டாந்தப் போலி. "நெசத்தைச் சொல்லிக்குடுக்கக் கொஞ்ச நேரம் போதும் சார். போலியைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்குடுக்கத்தான் நாளாகும்."

நான் டீயைக் குடித்து முடித்திருந்தேன். எழுந்துபோகலாம் என்று பார்த்தேன். அவர் கேட்டார்: "எனக்கு ஃபிசிக்ஸ் தெரியாது. ஒண்ணே ஒண்ணு. ஆளை மாத்திப் பாத்தீங்களா? பட்டையை மாத்திப் பாத்தீங்களா? கடிகாரத்தை மாத்திப் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பாத்தாச்சு சார்" என்றேன். ஒன்றையும் பார்த்திருக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து வைத்தாள். விடை 9.79. அட்டவணை சுத்தமாக, எல்லாமே இருபது இருபது அலைவாக இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் சிவப்பு மையில் கையெழுத்துப் போட்டு, "ம், இப்ப சரியா வந்திருக்கு பாத்தியா" என்றேன். அந்த வாக்கியம் இன்றும் என் காதில் கேட்கிறது. அவள் "ஆமா சார்" என்றாள்.

சனிக்கிழமை மதியம் ஆய்வகத்தில் யாரும் இல்லை. எதற்குப் போனேன் என்று இப்போதும் விளங்கவில்லை. அந்தக் கேன்டீன் கேள்வி உறுத்தியிருக்க வேண்டும். ஏழாம் மேஜை டிராயரைத் திறந்து ஸ்டாப் வாட்சை எடுத்தேன். என் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தைப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஓடவிட்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரத்தில் ஸ்டாப் வாட்ச் பதினைந்து வினாடி முந்தியிருந்தது. இன்னொரு முறை வைத்தேன். மறுபடியும் பதினைந்து. ரஃப் பேப்பரில் கணக்குப் போட்டேன். வாட்ச் வேகமாக ஓடினால் அலைவு நேரம் கூடுதலாகத் தெரியும். காலம் வகுக்கும் இடத்தில், அதுவும் வர்க்கமாக இருப்பதால் விடை குறையும். 9.78 வர வேண்டிய இடத்தில் அந்த வாட்சை வைத்து அளந்தால் என்ன வரும்?

9.62 வரும்.

டிராயரை மறுபடி பார்த்தேன். வாட்சை எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே டிஃப்ளெக்ஷன் மேக்னட்டோமீட்டரின் சட்டக் காந்தங்கள் ஜோடியாகக் கிடந்தன. வாட்சுக்குள் இருக்கும் மயிரிழைச் சுருளில் காந்தம் ஏறினால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், சுருளின் நீளம் குறைந்து வாட்ச் வேகமாக ஓடும். பாடம் எனக்குத் தெரியும். காந்தத்தை அந்த டிராயரில் போடச் சொன்னவனும் நான்தான். இரண்டு வருடத்துக்கு முன்பு அலமாரிப் பூட்டு கெட்டபோது அட்டெண்டரிடம், "இப்பதைக்கு இதுல போடுங்க" என்றேன். எந்த 'இப்பதைக்கு'ம் நம் ஊரில் முடிந்ததில்லை.

அப்போது இன்னொன்று உறைத்தது. அலமாரியிலிருந்து அந்த ஆண்டு ரெக்கார்டுகளையும், திரும்ப வாங்கிக்கொண்டு போகாமல் கிடந்த முந்தைய ஆண்டு ரெக்கார்டுகளையும் இறக்கினேன். ஏழாம் மேஜையில் காம்பவுண்ட் பெண்டுலம் செய்தவர்களின் விடைகளை வரிசையாகப் பார்த்தேன். 9.79. 9.81. 9.8. 9.78. 9.8. அந்த வாட்சை வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றுகூட வந்திருக்க முடியாது. எல்லாவற்றின் அடியிலும் சிவப்பு மையில் என் கையெழுத்து.

அந்த ஆய்வகத்தில் இரண்டு வருடமாக உண்மையில் அளந்தவள் ஒருத்திதான். அவளையும் முந்தின நாள் மாற்றி எழுத வைத்திருந்தேன்.

திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டிருக்கலாம். "அம்மா, நீ எடுத்ததுதான் சரி, வாட்ச்தான் தப்பு, வா காட்டுறேன்" என்று சொல்ல இரண்டு நிமிடம் போதும். அதைவிட நல்ல இயற்பியல் பாடத்தை அந்தக் கட்டடத்தில் யாரும் நடத்தியிருக்க மாட்டார்கள். நான் சொல்லவில்லை. பகல் இடைவேளையில் வாட்சை என் பையில் போட்டுக்கொண்டு பஜாரில் வாட்ச் ரிப்பேர்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "காந்தம் ஏறியிருக்கு சார், எடுத்துறலாம்" என்றார். என் காசிலிருந்து கொடுத்தேன். கல்லூரிக் கணக்கில் எழுதினால் எதற்கு என்று ஒருவர் கேட்பாரே. காந்தங்களை வேறு அலமாரிக்கு மாற்றினேன். அட்டெண்டரிடம்கூடக் காரணம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பலமுறை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதுண்டு. பிள்ளைகளுக்குக் கருவிமேல் நம்பிக்கை போய்விடும் என்பது ஒரு சமாதானம். நடுப்பருவத்தில் எல்லோர் ரெக்கார்டையும் திருத்த வேண்டிவரும் என்பது இன்னொன்று. இரண்டும் சப்பைக்கட்டு. சொன்னால், மற்ற ரெக்கார்டுகளில் எப்படி 9.8 வந்தது என்ற கேள்வி அடுத்த நொடி வரும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முன்னால் சிறுத்துப்போவதை என்னால் தாங்க முடியாது என்பதுதான் விஷயம். அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. அடுத்து யார் ஹெச்ஓடி என்ற பேச்சில் என் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது.

மில்லிகனைப் பற்றி மூன்றாம் ஆண்டுக்கு நடத்தும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும். எண்ணெய்த் துளி சோதனையில் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தை அளந்து 1923-இல் நோபல் பரிசு பெற்றவர். காற்றின் பாகுநிலைக்கு அவர் எடுத்துக்கொண்ட எண் சற்றுப் பிசகியிருந்ததால் விடை இன்றைய மதிப்பைவிட அரை சதவீதம்போலக் குறைவாக வந்தது. அவருக்குப் பின் அளந்தவர்கள் உடனே சரியான எண்ணுக்குப் போய்விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மேலே ஏறினார்கள் என்று ஃபெய்ன்மன் 1974-இல் கால்டெக் பட்டமளிப்பு விழாவில் சொன்னார். மில்லிகனின் எண்ணைவிட ரொம்ப மேலே வந்தவர்கள் தங்கள் சோதனையில் குற்றம் தேடினார்கள். பக்கத்தில் வந்தவர்கள் தேடவில்லை. உலகத்தின் பெரிய ஆய்வகங்களிலும் யாரோ ஒருவர் "வேல்யூ வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இது எனக்கு ஆறுதலாக இருந்த காலம் உண்டு. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவர்கள் தங்களை அறியாமல் சறுக்கினார்கள். நான் அரை மணி நேரம் கடிகாரம் பார்த்து, தெரிந்துகொண்டு, மறைத்தேன்.

பிலாசபி சார் அந்த வாட்சைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. ஆனால் அடுத்த கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒரு தாளை எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். இயற்பியல், தத்துவம் இரண்டு துறைப் பிள்ளைகளையும் சேர்த்து வாரம் ஒரு மணி நேரம், பரீட்சை கிடையாது, மார்க் கிடையாது. அவர் பிள்ளைகள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து ஒரு ஊசலையாவது ஆட்டிப் பார்க்கட்டும், எங்கள் பிள்ளைகள் அவர் அறையில் உட்கார்ந்து ஓர் அளவு எப்போது அறிவாகிறது என்று பேசட்டும். ஹ்யூம், மில், பாப்பர், மணிமேகலை, ஐன்ஸ்டைன் என்று கையாலேயே எழுதியிருந்தார். பெர்ன் நகரத்தில் 1902-இல் வேலைக்குப் புதிதான ஐன்ஸ்டைன் இரண்டு நண்பர்களோடு உட்கார்ந்து ஹ்யூமையும் மாக்கையும் படித்தார் என்பது அவருக்குப் பிடித்த கதை. காலம் என்றால் என்ன என்று கேட்கும் தைரியம் அங்கேதான் வந்தது என்பார்.

"போர்ஷன் முடியாது சார்" என்றேன். இயற்பியல் ஆசிரியர்கள் எல்லாவற்றுக்கும் சொல்லும் பதில் அது. அவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்தப் பெண் நல்ல மதிப்பெண்ணோடு தேறினாள். அதற்குப் பிறகு லேபில் அவள் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அவள் ரீடிங்குகள் எல்லாமே சரியாக வந்தன.

1999-இல் கல்லூரிக் கவுன்சில் கூடியது. அப்போது நான் ஹெச்ஓடி. தத்துவத்தில் அந்த ஆண்டு நான்கு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். பி.சி.ஏ.வுக்கு விண்ணப்பம் குவிந்துகொண்டிருந்தது. தத்துவத்தில் புதிய சேர்க்கையை நிறுத்திவிட்டு, அந்த அறையைச் சுயநிதியில் கம்ப்யூட்டர் லேபுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பது யோசனை. நியாயம் இல்லாத யோசனை என்று சொல்ல முடியாது. நான்கு பேரை வைத்துத் துறை நடத்துவது எந்த நிர்வாகத்துக்கும் கஷ்டம்தான். அளவையியலைத் தனிப் பாடமாக எடுத்துப் படித்த பழைய இன்டர்மீடியட் காலம் மலையேறிப்போயிருந்தது. தத்துவப் பேராசிரியராக இருந்து குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணனே, உறவுக்காரப் பையன் படித்து முடித்த தத்துவப் புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததால் அந்தப் பாடத்தை எடுத்தாராம். கம்ப்யூட்டர் புத்தகம் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருப்பாரோ என்று நான் கேட்டேன். கூட்டம் சிரித்தது. முதல்வரும் சிரித்தார். பிலாசபி சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை தூக்கச் சொன்னபோது நான் முதலில் தூக்கினேன்.

என் கை இல்லாவிட்டாலும் தீர்மானம் நிறைவேறியிருக்கும். அது எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் கை எதற்காக அவ்வளவு வேகமாக எழுந்தது என்பதும் எனக்குத் தெரியும். கடிகாரத்தை மாற்றிப் பார்த்தீர்களா என்று கேட்ட மனிதர் ஆறு வருடமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததுதான் எனக்குச் சங்கடம். அவர் போனால் நிம்மதி என்று என்னில் ஒரு பகுதி நினைத்தது. இருந்த பிள்ளைகளைப் பட்டம் வாங்க வைத்துவிட்டு, ஓய்வுக் காலம் வரை மற்ற துறைகளுக்கு மதிப்புக் கல்வி என்று ஒரு தாளை நடத்தி, ஒரு டீ பார்ட்டிகூட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். சில ஆண்டுகள் கழித்து அவர் இறந்த செய்தி வந்தபோது எனக்கு விடைத்தாள் திருத்தும் வேலை இருந்தது. போகவில்லை.

ஜன்னல் வழியாக அதன் பிறகு ஏசி சத்தம்தான் வந்தது.

2018-இல், என் சகலை மகன் கல்யாணத்தில், பந்தியில் எதிர் வரிசையிலிருந்து யாரோ எழுந்து வந்து, "சார், தெரியுதா?" என்றார்கள். தெரிந்தது. இருபத்தைந்து வருடமாகத் தினமும் என்று சொன்னால் பொய், ஆனால் அடிக்கடி நினைத்த முகம். மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் ஆசிரியையாக இருக்கிறாளாம். மகள் பக்கத்தில் நின்றாள். "எங்க சார்" என்று அவளிடம் அறிமுகம் செய்துவைத்தாள். அந்த 'எங்க'வில் ஒரு குறையும் இல்லை.

எப்படிம்மா போகுது ஸ்கூல் என்று கேட்டேன்.

"நல்லாப் போகுது சார். பிராக்டிகல்ல எங்க பிள்ளைங்க ஒண்ணுகூட மார்க்கு விடாது. பிளஸ் ஒன்ல சிம்பிள் பெண்டுலம் இருக்குல்லா, முதல்லயே சொல்லிருவேன். 9.8 வரணும், வர வேண்டிய விடையை முதல்ல பாத்துக்கோ, அப்புறம் ரீடிங்கை எழுதுன்னு." சிரித்தாள். "நீங்க சொல்லித் தந்ததுதான் சார்."

"நல்லதும்மா" என்றேன்.

பாயசம் கொண்டுவந்தார்கள். இலையை நகர்த்தி இடம் கொடுத்தேன்.